ஊதா லாரியின் படுக்கை அறை

ராய்ஸ் ஸ்ட்ரங்க்கின் பழைய லாரிக் கடைக்கு ஹூக்ஸ்ட்ரா தம்பதி வந்து சேர்ந்தபோது காலையா மாலையா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம் இருந்தது. பிப்ரவரியில் அமெரிக்காவின் இந்தியானாவில் அப்படித்தான். அறுவடை முடிந்த சோள வயல்கள் கட்டைகட்டையாக ஈரத்தில் நின்றன. பனியும் மழையுமாக ஏதோ ஒன்று தூறிக்கொண்டிருந்தது. கடை முற்றத்தில் டீசல் நாற்றம், நனைந்த நாய் நாற்றம். நாய் மட்டும் கண்ணில் படவில்லை.

டெல்மர் ஹூக்ஸ்ட்ரா தரைக்கம்பள நிறுவனத்தில் வட்டார மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவசரச் சரக்கு லாரித் தொழிலைப் பற்றி அவர் பார்க்காத வீடியோ கிடையாது. அதன் பலனாக, சாலையோர உணவகங்களில் முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர்களின் மேசைக்குப் போய் உட்கார்ந்து, வண்டி எப்படி ஓட்ட வேண்டும் என்று விளக்க ஆரம்பித்திருந்தார்.

அவசரச் சரக்கு தூங்காத தொழில். எங்கோ ஒரு கார் ஆலை ஒரு பெட்டி போல்ட் இல்லாமல் நின்றுபோகும். அந்த ஒரே பெட்டியை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி இரவு பகல் நிற்காமல் ஓடும். கணவன் ஓட்டும்போது மனைவி பின்னால் தூங்குவாள், அவள் ஓட்டும்போது அவன். ஆகவே இந்தத் தொழிலுக்கு லாரி வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பார்க்கும் முன் மெத்தையைப் பார்ப்பார்கள். ஹூக்ஸ்ட்ரா தம்பதி வீட்டையும் விற்றுவிட்டார்கள். இன்று எந்த லாரியைத் தேர்ந்தெடுக்கிறார்களோ, அதுதான் இனி வீடு.

முற்றத்தில் இரண்டு லாரிகள் நின்றன. இரண்டுமே டிரெய்லர் கோக்காமல் கேபினும் சரக்குப் பெட்டியும் ஒரே சட்டத்தில் நிற்பவை. ஒன்று வெள்ளை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு ஆள் படுக்கிற அகலத்தில் ஒரு தட்டு, அவ்வளவுதான். மற்றது ஊதா. கேபினுக்கும் சரக்குப் பெட்டிக்கும் நடுவில் ஒரு அறையே இருந்தது. இரட்டைக் கட்டில், குளிர்பெட்டி, கைகழுவும் தொட்டி, பக்கவாட்டில் தனிக் கதவு, அதற்கு இரண்டு படி.

"அந்த வெள்ளை வண்டி சவப்பெட்டிடா சாமி," என்றார் டெல்மர். "ஊதாதான் வண்டி. நீளம் கூடும், திருப்புறது கஷ்டம், சரக்கு இடம் கொஞ்சம் குறையும். ஓட்டத் தெரிஞ்சவனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?"

"ஓட்டத் தெரிஞ்சவன் யாரு?" என்றாள் அவர் மனைவி கோரீன்.

ஸ்ட்ரங்க் சிரிக்கவில்லை. ஊதா லாரியின் சாவியை டெல்மரின் கையில் போட்டார். அவர் மட்டும் அந்த லாரியிலிருந்து பத்தடி தள்ளியே நின்றார்.

"நின்ன இடத்துல பார்த்து வாங்காதீங்க சார். ஒருத்தர் ஓட்டுங்க, ஒருத்தர் உள்ள படுங்க. ஓடுற வண்டில தூக்கம் வருதான்னு பாருங்க. இந்தத் தொழில்ல எல்லாரும் அப்படித்தான் பார்ப்பாங்க."

கோரீன் பக்கக் கதவு வழியாக ஏறினாள். உள்ளே முகப்பவுடர் வாசனை. அதற்கு அடியில், ஈரத் தலைமுடியை நெடுநேரம் துணியில் சுற்றி வைத்திருந்தது போல இன்னொரு வாசனை.

"மெத்தை சூடா இருக்கு," என்றாள்.

"ஹீட்டர்," என்றார் டெல்மர், ஹீட்டர் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே.

அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, பெல்ட் மாட்டி, கண்ணாடிகளைச் சரிசெய்தார். இரட்டை ஓட்டுநர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியை நகர்த்தும் முன், பின்னால் படுத்திருப்பவருக்காகச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டவேண்டும். பதில் தட்டு வந்தால்தான் கிளம்பலாம். எத்தனையோ பேர் தூங்குகிற மனைவியோடு போகிறோம் என்று நினைத்து, அவளை ஏதோ பெட்ரோல் நிலையத்தின் கழிப்பறையில் விட்டுவிட்டு இரண்டு மாநிலம் தாண்டியிருக்கிறார்கள். டெல்மர் அப்படிப்பட்ட முட்டாள் அல்ல.

தட்டினார்.

இரண்டு தட்டு, பதிலாக வந்தது.

நெடுஞ்சாலையை விட்டு விலகி, வயல்களுக்கு நடுவே போகும் ஊர்ச்சாலையில் லாரியை விட்டார். கேபினையும் படுக்கை அறையையும் பிரித்த திரை மெல்ல ஆடியது. டெல்மர் பேச ஆரம்பித்தார். குலுக்கலைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனைப் பற்றிப் பேசினார். சக்கரங்களின் இடைவெளி கூடினால் தூக்கம் ஏன் நன்றாக வரும் என்று பேசினார். தன்னை மேலாளராக வைத்திருந்தும் தன் அருமையைப் புரிந்துகொள்ளாத நிறுவனத்தைப் பற்றிப் பேசினார்.

"ம்," என்று பதில் வந்தது.

"ஊதாதான்னு நான் அப்பவே சொன்னேன்."

"நீ சொன்னா சரிதான்."

டெல்மருக்கு மனம் குளிர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து கோரீன் இந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை. மெத்தையின் மகிமை என்று எடுத்துக்கொண்டார்.

"அந்த ஸ்ட்ரங்க்குக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியல."

"உனக்குத்தான் தெரியும்."

"எல்லாரும் உன்ன மாதிரி புரிஞ்சுக்கிட்டா பரவாயில்ல."

"நான் மட்டும் போதும்," என்றது குரல். "வேற யாரு வேணும்?"

சட்டைப்பையில் கைபேசி அடித்தது. ஒலிபெருக்கியைப் போட்டார்.

"டெல்," என்றாள் கோரீன். "எங்க போய்த் தொலைஞ்ச?"

டெல்மரின் கண் திரைக்குப் போனது.

"ஜெனரேட்டர் எப்படிப் போடணும்னு ஸ்ட்ரங்க்கைக் கேக்க அந்தப் பக்கக் கதவால இறங்கினேன். திரும்பிப் பாத்தா வண்டியக் காணோம். நீயும் உன் தட்டலும். இங்க உக்காந்து காபி குடிக்கிறேன். எஞ்சின் ஆயில் மாதிரி இருக்கு."

வைப்பர் ஒருமுறை போய் வந்தது.

"யாரு அது?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டது, கோரீனின் குரல்.

"டெல்? உள்ள யாரு?" என்றது கைபேசி.

"வெச்சிடு," என்றது திரை.

அவர் வைக்கவில்லை. இணைப்பு தானாக அறுந்தது.

இப்போது எஞ்சின் சத்தத்துக்கு அடியில் மூச்சுச் சத்தம் கேட்டது. தூங்குகிறவரின் மூச்சு அல்ல. காது கொடுத்துக் கேட்கிறவரின் மூச்சு. பவுடர் வாசனை முன்னால் வந்து, அவர் கழுத்துக்குப் பின்னால் நின்றது.

"அவள அங்கேயே விட்டுட்டுப் போ. அவளுக்கு உன்னப் பிடிக்காது."

திரை ஆடுவது நின்றிருந்தது. வண்டி குலுங்கியபோதும் அது குலுங்கவில்லை.

யாரோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

லாரியைத் திருப்பியாக வேண்டும். ஆனால் இரு பக்கமும் பள்ளம், நடுவில் ஒடுங்கிய சாலை, கையில் உலகத்திலேயே நீளமான வண்டி. ஒரு பண்ணைக்குள் போகும் மண்பாதை வந்தது. அதில் பின்பக்கமாக ஏற்றித்தான் திருப்ப முடியும். பின்னால் போகக் கண்ணாடியைப் பார்க்காமல் முடியாது. டெல்மர் பார்த்தார்.

படுக்கை அறையின் பக்க ஜன்னல் அந்தப் பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரிந்தது. ஜன்னலின் உட்பக்கம் ஆவி படிந்திருந்தது. ஒரு உள்ளங்கை மெதுவாக, வட்டம் வட்டமாக, அந்த ஆவியைத் துடைத்தது. வெளியே பார்க்க விரும்புகிறவர் துடைப்பது போல.

"திரும்பாத," என்றது. இந்தத் தடவை அது கோரீனின் குரலைப் போல ஒலிக்க முயலவே இல்லை.

எப்படித் திருப்பினார் என்று டெல்மருக்குத் தெரியாது. வேலிக்கம்பம் ஒன்று சாய்ந்தது. கடை முற்றத்தில் வண்டி நிற்கும் முன்பே இறங்கினார், கைப்பிடியைத் தவறவிட்டு, முழங்காலில் விழுந்து. வீடியோக்களில் இப்படி இறங்கக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் போடுவார்கள்.

ஸ்ட்ரங்க் நீளமான ஒரு கம்பால் பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே யாரும் இல்லை. மெத்தையில் ஆள் படுத்த பள்ளம் இருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல நிரம்பிச் சமமானது.

"முன்னாடி யாரு வெச்சிருந்தா?" என்று கோரீன் கேட்டாள்.

"ஒரு புருஷன் பொண்டாட்டி. அப்புறம் வேற ஒரு ஜோடி. அதுக்கப்புறமும் ஒண்ணு." ஸ்ட்ரங்க் துப்பினார். "எல்லாருமே ரெண்டு பேரா வாங்கிட்டுப் போனாங்க. வண்டியத் திருப்பிக் குடுக்க வர்றப்ப ஆம்பள மட்டும்தான் வந்தான்."

"அவங்க சம்சாரமெல்லாம்?"

"வழியில எறங்கிட்டாங்கன்னு சொன்னாங்க. நான் வண்டி விக்கிறவன் மேடம், பாதிரியார் இல்ல."

"இத எங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம்."

"சார்தான் எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசினாரே."

தாங்கள் வந்த காருக்குள் உட்கார்ந்து டெல்மர் நடந்ததைச் சொன்னார். கோரீன் குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. பேசி முடித்ததும், நிஜமாக அவள்தானா என்று பக்கவாட்டில் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நீ சொன்னதுக்கெல்லாம் சரி சரின்னு சொல்லிச்சா?"

"ஆமா."

"அப்பவே தெரிய வேண்டாமா, அது நான் இல்லன்னு?"

வெள்ளை லாரியைத் தேர்ந்தெடுத்தது கோரீன். அந்தப் படுக்கைத் தட்டில் படுத்து, இரண்டு கையையும் விரித்து, இரண்டு சுவரும் இடித்ததும் திருப்தியானாள். தனிக் கதவு இல்லை. திரை இருந்தது, அதை அவளே கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டாள். ஓட்டுகிறவர் தலையைத் திருப்பினால் படுத்திருப்பவரின் மூக்குவரை தெரியும். இந்த வண்டியில் ஒளிந்துகொள்ள எலிக்குக்கூட இடம் கிடையாது.

முதல் சவாரி டென்னசியில் ஒரு ஆலைக்கு. ஒரே ஒரு மரப்பெட்டி. வழியில் கென்டக்கி மாநிலம் முழுக்கக் கோரீன் குறட்டை விட்டாள். டெல்மர் அந்தக் குறட்டையைச் சங்கீதம் போலக் கேட்டுக்கொண்டு ஓட்டினார். ஒருதடவைகூட வாயைத் திறந்து எதையும் விளக்கவில்லை. வழியில் எங்கும் ஒன்றும் நடக்கவில்லை.

ஆலை வாசலை அடைந்தபோது நல்ல வெயில். வண்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் காவல் அறைக்கு நடந்தார்கள். வரிசையில் அவர்களுக்கு முன்னால் இரண்டு பேர். கோரீன் தன் மேலங்கியின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றாள்.

காவலாளி வெளியே எட்டி வெள்ளை லாரியைப் பார்த்துவிட்டு, டெல்மரிடம் ஒரே ஒரு அனுமதி அட்டையை நீட்டினார்.

"ரெண்டு," என்றார் டெல்மர்.

"உங்க வீட்டம்மா அவங்களோடத அப்பவே வாங்கிட்டுப் போயிட்டாங்களே. தலையெல்லாம் நனைஞ்சிருந்துது பாவம்." காவலாளியின் பார்வை கோரீனின் மேல் விழுந்து கடினமானது. "இந்தம்மா யாரு? வண்டிக்கு ரெண்டு பேர்தான். இவங்க கேட்டுக்கு வெளிய நிக்கணும்."

கோரீனின் கை ஜிப்பின் மேல் நின்றுவிட்டது. டெல்மர் பைக்குள் கைவிட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது.

வெளியே வெள்ளை லாரியின் ஹாரன் அடித்தது. ஒரே தடவை, சுருக்கமாக, காத்திருந்து சலித்தவர் அடிப்பது போல.

"பாருங்க," என்றார் காவலாளி. "கூப்பிடுறாங்க."