சுகிர்தாவின் அடையாளக் கோப்பு

அணைத்துவைத்த பெட்டி ஓடிக்கொண்டிருப்பதாகப் பட்டியல் சொன்னது.

கல்பனா திரையைப் புதுப்பித்துப் பார்த்தாள். மறுபடியும் அதே வரி. 'கல்பனா-கும்மிடிப்பூண்டி', இயங்குகிறது, ஏழு மணி நேரமாக, அவள் இன்று வேலைக்குக் கிளம்பிய நேரத்திலிருந்து. வியாழக்கிழமை காலையில் அவளே வயரைப் பிடுங்கி, ப்ளக்கைச் சுற்றிக் கட்டி, வீட்டுப் பரண்மேல் தூக்கிவைத்த கம்ப்யூட்டர் அது. தூசி விழாமல் இருக்கப் பழைய தலையணை உறையைப் போட்டு மூடியதுகூட நினைவில் இருந்தது.

சனிக்கிழமை, மணி மூன்றுதான். ஆனாலும் மழை மூட்டத்தில் சிப்காட் தொழிற்பேட்டை முழுக்க விளக்குப் போட்டுவிட்டார்கள். அரைநாள் வேலை முடிந்து கம்பெனியில் இரும்படிக்கும் சம்மட்டி மெஷின்கள் நின்றிருந்தன. தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தமும், சிஸ்டம் ரூமில் யு.பி.எஸ். இரைச்சலும், ஜன்னல் இடுக்கில் நுழைந்த ஈர இரும்பு வாடையும் மட்டும் அவளுக்குத் துணை.

யார் அனுப்பியது என்று எவருக்கும் தெரியாமல் செய்தியைக் கொண்டுசேர்க்கும் இலவச மென்பொருள் ஒன்றின் பட்டியல் அது. ஆர்வமுள்ளவர்கள் உலகமெங்கும் தங்கள் கம்ப்யூட்டர்களை அந்த மென்பொருளுக்காக ஓடவிடுகிறார்கள். செய்தி இந்த வலையில் மூன்று பெட்டிகளைத் தாண்டிப் போகும். நடுவில் இருப்பவருக்குத் தன்னிடம் கொடுத்தது எந்தப் பெட்டி, தான் கொடுக்கவேண்டியது எந்தப் பெட்டி, இவ்வளவுதான் தெரியும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அடையாளக் கோப்பு. அது எந்தப் பெட்டியில் இருக்கிறதோ, வலைக்கு அதுதான் அந்த ஆள். பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று வலை எட்டிப்பார்ப்பதே இல்லை.

மூல நிரலை இறக்கி, இல்லாத லைப்ரரிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை கண்ணெரியக் கம்பைல் செய்து, இந்தக் கம்பெனி ஆட்களில் முதன்முதலாக அதை ஓடவிட்டவள் கல்பனா. பக்கத்து நாற்காலி சுகிர்தாவுக்கு வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். எட்டே மாதத்தில் சுகிர்தாவின் பெட்டிக்கு 'வாசல்' முத்திரை கிடைத்தது. நம்பகமான பெட்டி, செய்தி முதலில் நுழையத் தகுந்தது என்று வலை தரும் மரியாதை. தன்னார்வலர் குழுவில் ஆளாளுக்கு வாழ்த்து. கல்பனாவின் பெட்டியோ நாளுக்கு மூன்று கரண்ட் கட்டில் செத்துச் செத்துப் பிழைத்தது. சுகிர்தாவுக்கு இன்வெர்ட்டர் வாங்கித் தர மாமனார் இருக்கிறார், எனக்கு யார் இருக்கிறார்கள்? வயிறு எரிந்தது. அதைத் தன்னிடம் மறைத்துக்கொள்ளும் பழக்கமும் கல்பனாவுக்கு இல்லை.

புதன்கிழமை சுகிர்தா பாஸ்வேர்டையே கொடுத்தாள். "புது வெர்ஷன் மாத்தணும்டி, நீயே பாத்து பண்ணு. உன் மேல இல்லாத நம்பிக்கையா?"

பண்ணினாள். அப்படியே அடையாளக் கோப்பையும் எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை தன் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு, சிஸ்டம் ரூமில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் சுகிர்தாவாக ஓடத் தொடங்கினாள். ஒரே கோப்போடு இரண்டு பேர் வந்தால், கடைசியாக அறிவித்தவரைத்தான் வலை ஏற்றுக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் முத்திரை இவள் பக்கம் வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து சுகிர்தா வேலைக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று இவளும் கேட்கவில்லை.

பரண்மேல் கிடக்கும் பெட்டி எந்த இணைப்பிலிருந்து ஓடுகிறது என்று இப்போது பார்த்தாள். அவள் வீட்டு இணைப்புதான்.

கணவன் குணாவுக்கு இன்று விடுமுறை. வீட்டில்தான் இருப்பான். போன் போட்டாள்.

"சொல்லுங்க சுகிர்தா."

அப்படி ஒரு குழைவு அந்தக் குரலில். கல்பனாவுக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கட்டின பெண்டாட்டியிடம் 'இன்னா, சீக்கிரம் சொல்லு' என்பதைத் தாண்டாத மனுஷனுக்கு இவளிடம் மட்டும் எங்கிருந்து வருகிறது இந்தத் தேன்?

"நான் கல்பனா பேசறேன்."

"இன்னாங்க, வெளாட்றீங்களா?" சிரித்தான். "கல்பனா உள்ள கம்ப்யூட்டராண்ட உக்காந்துகினு இருக்கா. இருங்க, குடுக்கறேன்."

போன் கைமாறியது. குரல் வரவில்லை. மூச்சும் இல்லை. தேய்ந்துபோன சின்ன விசிறி ஒன்று கரகரவென்று சுற்றும் சத்தம் மட்டும். அவள் பெட்டியின் விசிறி அப்படித்தான் சுற்றும். காதிலிருந்து போனை எடுத்த பிறகும் அது கேட்டது.

சிஸ்டம் ரூம் பெட்டியின் வயரைப் பிடுங்கக் கை போனது. எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம். ஆனால் திரையில் வாசல் முத்திரை பச்சையாக ஒளிர்ந்தது. எட்டு மாத மரியாதை. பிடுங்கினால் நாளைக்கே அது சுகிர்தாவிடம் திரும்பிப் போய்விடும். கல்பனா கையை எடுத்துக்கொண்டாள். இருக்கட்டும், முதலில் வீட்டைப் பார்ப்போம்.

கேட்டில் வாட்ச்மேன் தணிகாசலம் எழுந்து நின்றார். "இன்னா சுகிர்தா மேடம், கெளம்பிட்டீங்களா? பாத்து போங்க, ரோடெல்லாம் தண்ணி."

"அண்ணே, நான் கல்பனா."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கல்பனா மேடம் காத்தாலயே லீவு சொல்லிட்டாங்களே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அங்க பாருங்க, மூணு நாளா பின் கேட்டாண்ட நின்ன பொம்பள, இப்ப இங்க வந்து நின்னுகினு இருக்குது. யாருன்னே தெரில. வெரட்டினாலும் போவல. ஒரே பேஜாரு."

எதிர்ப்பக்கம், வாகை மரத்தடியில் சுகிர்தா. மூன்று நாள் மழையில் ஊறிய மஞ்சள் சுடிதார், உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. உதடு வெளுத்திருந்தது. கல்பனாவைக் கண்டதும் இரண்டடி எடுத்துவைத்தாள்.

"கல்பனா, நீயாவது சொல்லுடி. நான் யாருன்னு இவங்ககிட்ட சொல்லுடி. ஊட்லயும் சேக்கமாட்றாங்க."

சொல்லலாம். ஒரு பெயர்தான். சொன்னால் கோப்பைத் திருடியதையும் சொல்ல வேண்டிவரும். கல்பனா ஸ்கூட்டியை முறுக்கினாள். கண்ணாடியில் மஞ்சள் நிறம் வெகுதூரம் வரை தெரிந்தது.

ரயில்வே கேட். தேங்கிய தண்ணீர். தெருவில் எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. அவள் வீட்டில் மட்டும் விளக்கு. சாம்பார் தாளித்த மணம் தெருவரை வந்தது. காலையில் அவள் எதுவும் சமைத்துவைக்கவில்லை.

குணா கதவைத் திறந்தான்.

"வாங்க சுகிர்தா. ஐயோ, தொப்பலா நனைஞ்சிட்டீங்களே." துண்டை நீட்டினான். அவள் தலை துவட்டும் துண்டு. "கல்பனா, யாரு வந்துகிறாங்க பாரு."

"குணா. என்னைப் பாரு. நல்லா பாரு."

பார்த்தான். விருந்தாளியைப் பார்க்கும் கண்.

அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அறையில் விளக்கில்லை. பரண்மேல் பெட்டி. தலையணை உறை அப்படியே. சுற்றிக் கட்டிய ப்ளக், எதிலும் சொருகாமல் தொங்கியது. உறைக்குள் பச்சை விளக்கு எரிந்தது.

அதன் கீழே நாற்காலி.

நாற்காலியில் அவளுடைய பூப்போட்ட நைட்டி. அதற்குள் யாரோ. தோள்கள். நீளமான கைகள். பின்னிய முடி.

மடியில் மோனிகா. அவளுடைய ஐந்து வயது மோனிகா.

"பாப்பா, இங்க வா."

குழந்தை இன்னும் ஒடுங்கிக்கொண்டது. "அம்மா, அந்த ஆன்ட்டி ஏம்மா அழுவறாங்க?"

நைட்டி மெல்லத் திரும்பியது. நெற்றி இல்லை. கண் இல்லை. மூக்கு, வாய், எதுவும் இல்லை. கழுத்துக்கு மேல் வழுவழுவென்று வெறும் தோல். குணாவுக்கும் குழந்தைக்கும் இது தெரியவில்லையா? பக்கத்தில் வந்து நின்ற குணா குனிந்து, அந்தத் தோலில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டான்.

"களைப்பா இருக்கியா கண்ணு? டீ போடட்டுமா?"

ஏழு வருஷத்தில் ஒருநாள்கூட அவளைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. கத்த வேண்டிய நேரத்தில் கல்பனாவுக்கு முதலில் வந்தது பொறாமைதான்.

மோனிகாவுக்குக் கண் சொருகியது. தூக்கம் வந்தால் அம்மாவின் காது மடலைப் பிடித்துக்கொள்வாள். சின்ன விரல் மேலே போனது. வழுவழுப்பில் துழாவியது. கிடைக்கவில்லை. மறுபடியும் துழாவியது.

விரல் நின்ற இடத்தில் தோல் மெல்லக் குமிழ்ந்தது. நெளிந்தது. மடிந்தது. குழந்தையின் விரலுக்குள் ஒரு காதாக, கம்மல் ஓட்டையோடு, முளைத்து நின்றது.