பேசாமல் ஓட்டியவர்

கார் திரும்பியபோது வைப்பர் ஆடவில்லை, இண்டிகேட்டர்தான் எரிந்தது. கணக்கு டீச்சருக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்கு மகள் டிக்கெட் எடுத்து அனுப்பிய வெளிநாட்டுப் பயணம். வாடகைக் காரை எடுத்த மூன்று நாளும் அவள் கணவர் பட்ட பாடு சொல்லி மாளாது. ஸ்டியரிங் இங்கே இடப்பக்கம் என்பதை மறந்து தப்பான கதவைத் திறப்பார். திரும்பும் இடத்திலெல்லாம் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டுவிட்டு, காய்ந்த கண்ணாடியில் அது கிறீச்சிடக் கிறீச்சிட அவளைத் திட்டுவார். எது தப்பினாலும் பழி அவள் தலையில்தான்.

பத்து நிமிடத்துக்கு முன், மலையுச்சியில், பட்டப்பகலை மூடிய பனிமூட்டத்துக்குள் காரை நிறுத்தினார்.

"மேப் பாக்கக்கூடத் துப்பில்ல. உன்னக் கூட்டிட்டு வந்தேன் பாரு!"

"உங்களுக்குப் பதிலா வேற எவன் ஓட்டியிருந்தாலும் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பேன்."

கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கிப்போனார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஈரக்குளிர் உள்ளே வந்தது. பக்கத்து சீட் அமுங்கியது. அவள் வீம்பாக ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது கார் வளைவுகளில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு வசவு இல்லை. எதிரே லாரி வந்தபோதுகூட அவர் மூச்சை இழுத்துப் பிடிக்கவில்லை. மூச்சுச் சத்தமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இஞ்சினின் முனகல், சக்கரத்தடியில் நசுங்கும் ஈரச் சருகு, அவளுடைய சொந்த மூச்சு. அதோடு, நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தாற்போல ஒரு வாடை.

"கோவமா?"

இண்டிகேட்டர் மட்டும் டிக் டிக்கென்று அடித்தது.

"ஏங்க, திட்டவாச்சும் செய்யுங்களேன்."

கொண்டை ஊசி வளைவு. பனி விலகியது. அண்ணாந்து பார்த்தாள். நேர் மேலே, அவர்கள் கிளம்பிய இடம். இரும்புத் தடுப்போரம் ஓர் ஆள். இரண்டு கையையும் ஆட்டினார். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

அவள் கணவர்.

கதவை இழுத்தாள். திறக்கவில்லை.

அவள் கைமேல் ஒரு கை வந்து அமர்ந்தது. ஈரம். சில்லிப்பு.

"பயப்படாதம்மா. நான் இருக்கேன்ல."

அவருடைய குரலேதான். ஆனால் இத்தனை வருடத்தில் அவள் ஒருநாளும் கேட்டிராத பிரியம்.

மேலே கத்தல் தேய்ந்தது. கார் மறுபடி பனிக்குள் இறங்கியது. அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. அந்தக் கை அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டது.