குட்டானின் கடைவாய்ப் பல்

அன்று எங்கள் மூன்று பேருக்குமே அலுப்பு. அப்பா விடியற்காலையிலிருந்து பேருந்து ஓட்டிவிட்டு, சீருடையோடு நேராகப் பல் மருத்துவரிடம் எங்களைக் கூட்டி வந்திருந்தார். எனக்கு அன்றைக்குப் பார்த்து இரண்டு தேர்வு. தம்பி குட்டானுக்கு அலுப்போடு பயமும் சேர்ந்திருந்தது.

காத்திருக்கும் அறையில் உட்கார்ந்ததுமே அப்பா குறட்டை விட ஆரம்பித்தார். எதிரே இருந்தவர் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று.

"அக்கா, சொல்ல மாட்டேல்ல?" என்று குட்டான் என் காதில் கேட்டான்.

"மாட்டேன்டா. நச்சரிக்காத."

விஷயம் இதுதான். ஒரு வாரமாக அவன் இடது பக்கம் மெல்லுவதே இல்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கன்னத்தைப் பிடித்துக்கொள்வான். நான் கண்டுபிடித்துவிட்டேன். மெஷின் வைத்துக் குடைவார்கள் என்று அவன் அழுததால், யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் அவனுடைய முன்பல்லில் இருந்த கறுப்பு ஓட்டை மட்டும்தான்.

கடைசியாக எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவும் காலையிலிருந்து நின்று களைத்திருந்தார். முன்பல்லை விரலால் ஆட்டிப் பார்த்தார்.

"இது ஒரு மாசத்துல தானா விழுந்துடும். அடைக்க வேண்டாம்."

"இவ்வளவு பெரிய ஓட்டையா இருக்கே?" என்றார் அப்பா.

"விழப்போற பல்லுதானே. வலியும் இல்ல, வீக்கமும் இல்ல. விட்டுடலாம்."

பிறகு மற்ற பற்களைக் காற்றடித்துக் காயவைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். "வெளியில ஒண்ணும் தெரியல. எங்கயாவது வலிக்குதாப்பா? கூசுதா?"

குட்டான் இல்லை என்று தலையாட்டினான். டாக்டர் கையுறையைக் கழற்றப் போனார். அப்பா பையை எடுத்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். ஆனால் காலையில் அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனது நினைவுக்கு வந்து தொலைத்தது.

"இடது பக்கம் வலிக்குது, டாக்டர். ஒரு வாரமா."

குட்டான் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் எனக்கே அழுகை வந்துவிட்டது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதில் ஒரு கறுப்பு நிழலைக் காட்டினார். "ரெண்டு கடைவாய்ப் பல்லும் ஒட்டி நிக்கிற இடத்துல சொத்தை. அதான் கண்ணுக்குத் தெரியல. பல்லோட மேல் பகுதியைத் தாண்டி உள்ள போயிடுச்சு. நல்லவேளை, நரம்பு வரைக்கும் போகல. இப்பவே அடைச்சுட்டா பல்லைக் காப்பாத்திடலாம்."

"இதுவும் பால் பல்லுதானே டாக்டர்?"

"இது விழ இன்னும் மூணு நாலு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இதுலதானே மெல்லணும்?"

குட்டான் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். அப்பா கெஞ்சினார், அதட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மாட்டிவிட்டவள் நான். நான்தான் ஏதாவது செய்தாக வேண்டும்.

"டாக்டர், அவன் கையைத் தூக்கினா நிறுத்திடுவீங்களா?"

"நிறுத்திடுறேன்."

"எத்தனை தடவை தூக்கினாலும்?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "எத்தனை தடவை தூக்கினாலும்."

குட்டான் கொஞ்சம் யோசித்துவிட்டு வாயைத் திறந்தான். மரத்துப்போக ஊசி போட்டார்கள். மெஷின் பல்லில் படுவதற்குள் கை மேலே போயிற்று. டாக்டர் நிறுத்தினார். மறுபடியும் கை. மறுபடியும் நிறுத்தினார். இப்படியே ஐந்து தடவை.

"வலிக்குதா கண்ணு?"

"இல்ல. நிறுத்துறீங்களான்னு பார்த்தேன்."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கை எழும்பவே இல்லை. சீக்கிரமே பல்லை அடைத்து முடித்தார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் குட்டான் அப்பாவுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். அப்பா மறுபடியும் தூங்கிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து குட்டான் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு பக்க உதடு மரத்திருந்ததால் பேச்சு குழறியது.

"உனக்கு எங்கயாவது வலிச்சா, நானும் சொல்லிக் குடுத்துடுவேன்."

"சரிடா," என்றேன். "கண்டிப்பா சொல்லிடு."