இந்த வரியைத் தூக்காதீங்க

"ஹலோ! கொஞ்சம் பார்த்து நிக்கக் கூடாதா?"

சங்கரியின் மடியில் இருந்த லேப்டாப்பின் மேல் மூன்று சொட்டு மழைநீர். பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றவனின் தோள்பையில் நாலாவது சொட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது...

"ஐயோ, சாரி மேடம்!" என்று அவன் கர்ச்சீப்பை எடுத்து நீட்டினான். அது லேப்டாப்பைவிட ஈரமாக இருந்தது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் போகிற பஸ். செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்கால். ஐப்பசி மழை அவசரமே இல்லாமல் பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் ஷட்டரோ பாதிக்கு மேல் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒரு பக்கம் ஜன்னல் மழை, இன்னொரு பக்கம் இவன் பை மழை. நடுவில் துப்பட்டாவால் லேப்டாப்புக்குக் குடை பிடித்தபடி ஊரப்பாக்கத்துப் பெண். கோபம் வருமா, வராதா, நீங்களே சொல்லுங்கள்!

நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நிமிர்ந்தாள். கேட்க முடியவில்லை. அவன் கண்கள்... சிரிக்கலாமா என்று அனுமதி கேட்டு நின்றன. இமையில் ஒரு துளி மழை வேறு.

'சே, எனக்கென்ன வந்தது?' என்று ஸ்க்ரீனுக்குத் திரும்பிக்கொண்டாள்.

அவளுக்கு வந்திருந்தது சின்னத் தலைவலி இல்லை. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மாடியில் பன்னிரண்டு பேர் வேலை செய்கிற சிறு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. 'அலைச்சேதி' என்று ஒரு சேவை நடத்துகிறார்கள். தினமும் விடியற்காலை நாலரை மணிக்கு, கடலோரக் குப்பங்களில் உள்ள அத்தனை படகுக்காரர்களின் போனுக்கும் அன்றைய கடல் எப்படி என்று செய்தி போகும். அந்தப் புரோகிராம் ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியின் பழைய வெர்ஷனில் ஓடிக்கொண்டிருந்தது. "எட்டாம் நம்பர் ரொம்பப் பழசு சார், பதினேழுக்கு மாத்தியே ஆகணும்" என்று மேனேஜர் ராஜேந்திரனிடம் ஒற்றைக்காலில் நின்று மாற்றியவள் சங்கரி.

மாற்றினாள். நாலரைக்கு வந்த செய்தி ஆறு மணிக்கு வர ஆரம்பித்தது. படகு கிளம்புவதோ ஐந்து மணிக்கு! சதுரங்கப்பட்டினத்தில் இரண்டு படகுகள் செய்தி வருமுன் போய், வலை கிழிந்து திரும்பின. "யாரு பொறுப்போ அவங்களே நேர்ல வந்து பதில் சொல்லணும்" என்று ஊர்த் தலைவர் கங்காதரன் போனில் சொல்லிவிட்டார். ராஜேந்திரன் தன் பங்குக்கு, "வெள்ளிக்கிழமை காலை செய்தி நேரத்துக்குப் போகலேன்னா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடுவோம். நீயும் பழையபடி டெஸ்டிங்குக்கே போயிடும்மா" என்றார். மூன்று வருஷம் டெஸ்டிங்கில் கிடந்து, கெஞ்சிக் கூத்தாடி வாங்கின வேலை இது.

"மேடம்... தப்பா எடுத்துக்காதீங்க..."

"இன்னும் என்ன?"

"உங்க புரோகிராம் வேலையே செய்யல. குந்திகினு டைரி எழுதிகினு கீது."

சங்கரிக்குச் சுர்ரென்று வந்தது. "அடுத்தவங்க ஸ்க்ரீனை எட்டிப் பார்க்கிறதுதான் உங்க ஊர்ப் பழக்கமா?"

"நானும் இதே பொழப்புதான் மேடம், கண்ணு தானா போவுது. ஓடுற புரோகிராம இருபது தபா நிறுத்தி, எங்க நிக்குதுன்னு படம் புடிச்சு வச்சுகிறீங்க. இருபதுலயும் அது ஒரே எடத்துல மாட்டிகினு கீது பாருங்க..."

பார்த்தாள். அட, ஆமாம்! மூன்று நாளாக நெட்வொர்க், டேட்டாபேஸ், போன் கம்பெனி என்று ஊரெல்லாம் சந்தேகப்பட்டவள் இதைக் கவனிக்கவே இல்லை. புரோகிராம் தான் செய்கிற ஒவ்வொன்றையும் லாகில் குறித்து வைக்கும். அந்தக் குறிப்பு எழுதுகிற இடத்தில்தான் இருபது முறையும் நின்றுகொண்டிருந்தது.

"லாக் எப்டி எழுதணும்னு ஒரு ஃபைல் இருக்கும். அதுல வரி நம்பர் கேட்டிருக்கான்னு பாருங்க" என்றான். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. சங்கரி அதைக் கவனிக்கவில்லை. திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் இறங்கியதும் அவன் கடைசி சீட்டுக்குப் போய்விட்டான். பேர்கூடக் கேட்கவில்லையே என்று அவளுக்கு உறைத்தபோது பஸ் பாதி தூரம் போயிருந்தது.

அந்த ஃபைலைத் திறந்தாள். ஒவ்வொரு குறிப்போடும் அது எந்த ஃபைலில், எத்தனையாவது வரியிலிருந்து வந்தது என்று சேர்த்து எழுதச் சொல்லியிருந்தது. அதற்கு மேலே ஒரு குறிப்பு:

'இந்த வரியைத் தூக்காதீங்க. – வசந்த்.'

அவளுக்கு எல்லாம் விளங்கியது. ஒரு குறிப்பு எழுதும்போதெல்லாம் புரோகிராம், "உன்னை அனுப்பினது யாரு? அவனை அனுப்பினது யாரு?" என்று நாற்பது படி ஏறிப்போய் விசாரித்துவிட்டு வருகிறது. பழைய ஜாவாவில் இதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது. புதியதில் அதை அடைத்துவிட்டார்கள். ஒரு செய்திக்கு நூற்றுக்கணக்கான குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் நாற்பது படி. மூச்சு வாங்காதா பின்னே?

'யாரிந்த வசந்த்? கையில் கிடைக்கட்டும்!'

சதுரங்கப்பட்டினம் கோட்டைச் சுவரைத் தாண்டி, வலை பின்னுகிற கூரைக்குக் கீழே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மழை தூறலாகியிருந்தது. கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டிருந்த தனக்கோடி என்ற பெரியவர்தான் முதலில் கேட்டார்.

"இன்னாம்மா இது? கடலு சேதி, நாங்க கடலுக்குப் போனப்புறம் வந்தா நாங்க இன்னா பண்றது?"

சங்கரி தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ரோஷம் யாரை விட்டது? "ஐயா, காரணம் கண்டுபிடிச்சிட்டேன். எனக்கு முன்னாடி வேலை பார்த்த யாரோ வசந்த்னு ஒருத்தர், கொஞ்சம்கூட யோசிக்காம ஒரு வரி எழுதி வச்சிட்டுப் போயிருக்கார். அந்த முட்டாள்தனத்தாலதான்..."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். தனக்கோடி மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த முட்டாளு எம் புள்ளதாம்மா. அதோ நிக்கிறானே."

திரும்பினாள். கூரையின் ஓரத்தில், ஈரத் தோள்பையோடு... அவன்.

"ஆமா. நான்தான் எழுதுனேன்" என்றான் வசந்த் அமைதியாக. அப்பாவின் மடியில் கிடந்த வலையை ஒருமுறை பார்த்தான். பிறகு கடல் பக்கமாக நடந்து போய்விட்டான்.

பஸ்ஸிலேயே தெரிந்திருக்கிறது இவனுக்கு! தன் தப்பு என்று தெரிந்துதான், அந்த ஃபைலையே பாருங்கள் என்று அவளுக்கு வழி காட்டியிருக்கிறான். சங்கரிக்கு அழுகை வந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடறேன், சனிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன்" என்று கங்காதரனிடம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

மறுநாள் ஆபீஸில் அந்த வரியை எடுத்துவிட்டுச் சோதனைக்கு ஓட்டினாள். ஒன்றரை மணி நேர வேலை ஒன்பது நிமிஷத்தில் முடிந்தது. ராஜேந்திரன் கையைத் தட்டினார். "போட்டுடும்மா, இன்னிக்கே!"

அவள் விரல் போகவில்லை. தூக்காதீங்க என்று ஒருவன் பேர் போட்டு எழுதி வைத்திருக்கிறான். எதற்கு?

பக்கத்து மேஜை ரூத் அங்கே ஆறு வருஷமாக இருப்பவள். அவளைக் கேட்டாள். ரூத் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினாள்.

"நாலு வருஷம் முந்தி ஒருநாள் கடல் கொந்தளிச்சிட்டு இருக்கு... நம்ம செய்தி 'அமைதி'ன்னு போயிடுச்சு சங்கரி. வசந்தோட சித்தப்பா படகு கவுந்துடுச்சு. உயிர் பொழச்சதே பெரிசு. அந்தத் தப்புச் செய்தி எங்கேருந்து வந்துச்சுன்னு ரெண்டு வாரம் தேடினோம், கிடைக்கவே இல்ல. அப்பதான் அவன் அந்த வரியைப் போட்டான். இனிமே எது வந்தாலும் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியணும்னு. அடுத்த மாசம் வேலையை விட்டுட்டான். ஊர் மூஞ்சில முழிக்க முடியலைன்னு சொன்னான்."

சங்கரி எழுந்து ராஜேந்திரனிடம் போனாள். "சார், சும்மா தூக்கிட முடியாது. எனக்கு நாளைக்கு ஒரு நாள் வேணும்."

"வெள்ளிக்கிழமை தவறினா நான் சொன்னதுதான்மா."

"தெரியும் சார்."

ரூத்திடம் நம்பர் வாங்கி, வராந்தாவுக்குப் போய் நின்றாள். எதிரே எலெக்ட்ரிக் ட்ரெயின் ஒன்று வந்து, நின்று, போனது. அடுத்ததும் போனது. மன்னிப்புக் கேட்பது இத்தனை கஷ்டமா? மூன்றாவது ட்ரெயினுக்குத்தான் நம்பரை அழுத்தினாள்.

"நான்... சங்கரி. பஸ்ல..."

"குரல் தெரியுது மேடம். அந்த வரியத் தூக்கிடுங்க. எங்கப்பா வல கிழிஞ்சதுக்கு நான்தானே காரணம்."

"இல்ல! உங்க வரி நாலு வருஷம் ஒழுங்காத்தான் இருந்துச்சு. வெர்ஷனை மாத்தினது நான். மாத்தினப்புறம் லாக் எழுத எவ்ளோ நேரம் ஆகுதுன்னு அளந்து பார்க்காம விட்டது நான். உங்களை அத்தனை பேர் முன்னாடி முட்டாள்னு சொன்னதும் நான்தான். மன்னிச்சிடுங்க."

மறுமுனையில் அலைச் சத்தம் மட்டும் கேட்டது...

"ஹலோ? இருக்கீங்களா?"

"இருக்கேன். ஒரே மூச்சுல மூணு 'நான்' சொன்னீங்க. எண்ணிகினு இருந்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். "எந்தக் குறிப்புக்கு வரி நம்பர் கட்டாயம் வேணும், எதுக்கு வேணாம்... உங்களுக்குத்தான் தெரியும். சொல்றீங்களா?"

சொன்னான். அன்று மாலையும் மறுநாளும் போனிலேயே உட்கார்ந்து பிரித்தார்கள். 'போன் நம்பர் எடுத்தாச்சு', 'செய்தி அனுப்பியாச்சு' என்கிற அன்றாடக் குறிப்புகளுக்கு விசாரணை வேண்டாம். கடல் நிலையைத் தீர்மானிக்கிற இடத்திலும், தப்பு நடக்கிற இடத்திலும் மட்டும் நாற்பது படியும் ஏறி விசாரிக்கட்டும். நடுவில், "நாஸ்தா துன்னீங்களா மேடம்?" "மணி பன்னெண்டாகுது, இப்ப என்ன நாஸ்தா?" என்றெல்லாம் பேச்சு வந்தது. அதற்கும் புரோகிராமுக்கும் என்ன சம்பந்தம் என்று ரூத் கேட்கவில்லை. காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தாள்.

சோதனை ஓட்டம் பத்து நிமிஷம் காட்டியது. வியாழன் மாலை ஏற்றிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஊரப்பாக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். அப்பா லக்ஷ்மிநாராயணன் பால் வாங்க எழுந்தவர், "என்னம்மா, யார் போனுக்குக் காத்திருக்கே?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் போன் மினுங்கியது.

'அப்பா போனுக்கு வந்துட்ச்சி. நாலு முப்பத்தி நாலு. கடல் கொந்தளிப்பு, போகாதீங்கன்னு. யாரும் போகல.'

சங்கரி போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். வேலை தப்பியது என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு நினைப்பு...

சனிக்கிழமை அதே கூரை, அதே முப்பது பேர். சங்கரி எழுந்து நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை நான் சொன்னது தப்பு. வசந்த் எழுதின வரி உங்களுக்காக எழுதினது. தப்பு நான் மாத்தினதுல இருந்துச்சு. மன்னிச்சிடுங்க."

கங்காதரன் தலையாட்டினார். தனக்கோடி மகனை நிமிர்ந்து பார்த்தார். "நாலு வருசமா ஊருக்குச் சரியா வராம இருந்தியே, இதுக்குத்தானாடா?" என்றார். பிறகு, "பொண்ணை இப்டி நிக்க வச்சிகினு... அந்தாண்ட கூட்டினு போய் டீ வாங்கிக் குடுறா" என்று வலைக்குள் தலையைக் குனிந்துகொண்டார்.

கோட்டைச் சுவரோரம் இருவரும் நடந்தார்கள். நேற்றைய ஆர்ப்பாட்டமெல்லாம் அடங்கிக் கடல் சாதுவாக இருந்தது. தூறல் அவள் முன்நெற்றி முடியில் பொடிப்பொடியாக நின்றது. அவன் பார்ப்பதும், பார்க்காத மாதிரி கடலைப் பார்ப்பதுமாக வந்தான்.

"உங்க குறிப்பை நான் அழிக்கல. கீழ ஒரு வரி சேர்த்திருக்கேன்" என்றாள்.

"இன்னா வரி?"

"'காரணம் தெரியாம யாரும் தூக்காதீங்க. – சங்கரி.'"

அவன் நின்றுவிட்டான். கண்ணில் ஈரம். மழைதான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"அதுக்கும் கீழ இன்னொரு வரி எழுதத் தோணிச்சு... ஆபீஸ் ஃபைல்ல அதெல்லாம் எழுத முடியாதே." துப்பட்டா நுனியைச் சுருட்டினாள், அவிழ்த்தாள். "எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு வசந்த்."

சொல்லிவிட்டாள்! சொன்ன பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்தாள்.

"சென்னையில என் ஆபீஸ்ல ரெண்டு நாள்தான் லீவு சொல்லியிருந்தேன்" என்றான் அவன், சம்பந்தமே இல்லாமல். "இன்னியோட அஞ்சாவது நாளு. இன்னாத்துக்குடா இங்கயே சுத்திகினு கீறேன்னு நானே என்னை விசாரிச்சேன். எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாம நான் எதையும் வுடுறவன் இல்லியே..."

"கண்டுபிடிச்சீங்களா?"

"ம்... நாப்பது படி ஏறிப் போனேன். கடைசியில செவ்வாக்கிழமை காலையில, எட்டே முக்கா பஸ்ல, ஷட்டரு எறங்காத ஜன்னலாண்ட போய் நின்னுச்சு. ஒரு பொண்ணு துப்பட்டாவால லேப்டாப்புக்குக் குடை புடிச்சிகினு என்னை மொறைச்சிகினு இருந்தா. அந்த எடம்தான், சங்கரி."

முதல் தடவையாக மேடம் இல்லை.

"எங்க வீட்ல விசாரிப்பாங்க" என்றாள் மெதுவாக. "யாரு, எந்த ஊரு, யாரு பையன்னு... நாப்பது படியும் ஏறுவாங்க."

"ஏறட்டும். இது சும்மா எழுதிட்டுப் போற குறிப்பா? லேட்டானா ஆவட்டும். நான் நிக்கிறேன்."

தோள்பையைக் கழற்றி அவள் தலைக்கு மேலே பிடித்தான். அதிலிருந்து ஒரு சொட்டு அவள் மூக்கின் மேல் விழுந்தது. இந்தத் தடவை அவள் முறைக்கவில்லை.