ஓண்டே ஏன் சாப்பிடவில்லை?

'இந்த எலிக்குப் பெயர் வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் அப்புறம் எதுவுமே செய்ய முடியாது.'

கானிஸ் இப்படி நினைத்துக்கொண்டே, மடியில் இருந்த அட்டைப் பெட்டியின் ஓட்டை வழியாகப் பார்த்தாள். உள்ளே மரத்தூளின் மேல் ஒரு வெள்ளை எலி இருந்தது. அதுவும் அவளைப் பார்த்தது. அதன் மூக்கு மட்டும் நிற்காமல் ஆடியது.

"என்ன, எலிகூடப் பேச்சா?" என்றான் டெடென்.

அவன் கானிஸின் பெரியப்பா மகன். எலியைக் கொண்டுவந்தவனும் அவன்தான். பாண்டுங் நகரில் பாம்பு வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதில் அவனும் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சங்கத்தார் பாம்புகளைத் துண்டு மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போய்விடுவார்கள்.

"பேசல. பாக்கறேன்."

"பாத்தது போதும். பத்து மணிக்கு ஓண்டேயத் தூக்கிட்டுப் பூங்காவுக்கு வா. எல்லாருக்கும் முன்னாடி இந்த எலிய விடுவோம். அது பிடிக்கறத நான் வீடியோ எடுக்கறேன்."

ஓண்டே, கானிஸின் மலைப்பாம்பு. மலைப்பாம்பு என்றதும் பயந்துவிட வேண்டாம். அவள் கையைவிடக் கொஞ்சம்தான் நீளம். உண்மையில் பயப்படுவது அதுதான். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உருண்டையாகச் சுருண்டுவிடும். எள் ஒட்டிய உருண்டைப் பலகாரம் ஒன்று அந்த ஊரில் உண்டு. அதன் பெயர் ஓண்டே. கானிஸ் அதையே பாம்புக்கும் வைத்துவிட்டாள்.

அந்த ஓண்டே ஒரு மாதமாகச் சாப்பிடவில்லை. அப்பா நேற்றே சொல்லிவிட்டார்: "நாளைக்கும் அது சாப்பிடலன்னா டெடென்கிட்டக் குடுத்துடு பாப்பா. பட்டினி போட்டு வளக்கக் கூடாது."

"செத்த எலிய எந்தப் பாம்பு திங்கும்?" என்றான் டெடென். "ஆறிப்போன சோறு மாதிரி!"

"முன்னாடி தின்னுச்சே அண்ணா."

"இப்ப திங்கலையே."

சென்ற வருடம் கானிஸும் உயிரோடுதான் எலி கொடுத்தாள். அன்று எலி திரும்பிக் கடித்துவிட்டது. ஓண்டேயின் கண்ணுக்குக் கீழே இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. அதற்குப் பிறகு கடையில் விற்கும் செத்த எலிகளைத்தான் வாங்கி ஃப்ரீசரில் வைத்தாள். ஆனால் அன்று எலி போட்ட சத்தமும் அவளுக்கு மறக்கவில்லை. தழும்புக்காக மாறினேனா, சத்தத்துக்காக மாறினேனா? பல முறை தன்னையே கேட்டிருக்கிறாள். சரியான பதில் கிடைத்ததில்லை.

டெடென் பைக்கில் ஏறிப் போய்விட்டான். கானிஸ் எலிப் பெட்டியின் மூடியைக் கொஞ்சம் தூக்கினாள். குப்பென்று நாற்றம் அடித்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டு மூடினாள்.

'கடைசியாக ஒரு தடவை செத்த எலியைக் கொடுத்துப் பார்க்கலாம்.'

சமையலறைக்குப் போய் ஃப்ரீசரில் இருந்த பிஸ்கட் டின்னை எடுத்தாள். அந்த ஊரில் எந்த வீட்டு பிஸ்கட் டின்னிலும் பிஸ்கட் இருக்காது. பெரும்பாலும் அரிசி வடகம் இருக்கும். இந்த வீட்டு டின்னில் எலி. போன மாதம் விருந்துக்கு வந்த அத்தை, ஏதோ விசேஷமானதை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அதைத் திறந்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி அடையைவிட்டே எழுந்து ஓடியது.

கானிஸ் டின்னைத் திறந்தாள். அப்படியே நின்றாள்.

கேக் வாசம்!

இத்தனை நாள் இது அவளுக்குத் தெரியவே இல்லை. அம்மா விற்பனைக்குப் பாண்டான் என்ற வாசனை இலை போட்டுக் கேக் சுடுவார். வீட்டில் தலையணைகூட அந்த வாசம்தான் அடிக்கும். ஆனால் இப்போதுதான் உண்மையான எலி நாற்றத்தை முகர்ந்துவிட்டு வந்திருக்கிறாள். டின்னில் விரித்திருந்த காகிதத்தைத் தூக்கினாள். அடியில் பச்சைப் பச்சையாக இலைகள்.

"அம்மா! இதுல பாண்டான் இலையா போட்டிருக்க?"

"ஆமா," என்றார் அம்மா, மாவைக் கலக்கியபடி. "உங்க அத்தை வந்துட்டுப் போனதுலருந்து அந்த டின்னப் பாத்தாலே எனக்கு நாத்தம் அடிக்கற மாதிரி இருந்துச்சு. அதான் போட்டேன். இப்ப எவ்ளோ வாசமா இருக்கு பாரு!"

"எலி எலி மாதிரிதானேம்மா இருக்கணும்!"

"என் ஃப்ரீசர்ல இருந்தா கேக் மாதிரிதான் இருக்கணும்."

கானிஸுக்குச் சிரிப்பு வந்தது. பாம்பு இரையைக் கண்ணால் தேடுவதைவிட, நாக்கை நீட்டி வாசத்தால்தான் அதிகம் தேடும். பாவம் ஓண்டே. ஒரு மாதமாகப் பலகாரம் கொடுக்கிறார்கள் என்று நினைத்திருக்கும்.

டின்னிலிருந்து ஒரு எலியை எடுத்துப் பையில் கட்டி, குளிர் முழுவதும் விடும்வரை வெதுவெதுப்பான நீரில் போட்டு வைத்தாள். பிறகு கழுவித் துடைத்து முகர்ந்தாள். இன்னும் கொஞ்சம் கேக்.

அவள் பார்வை அட்டைப் பெட்டியின் மேல் போனது.

மூடியைத் திறந்து ஒரு கைப்பிடி மரத்தூளை அள்ளினாள். வெள்ளை எலி மூலையில் ஒதுங்கி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மரத்தூளில் செத்த எலியைப் புரட்டி எடுத்தாள். இப்போது நாற்றம் பிரமாதமாக இருந்தது.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நீளமான இடுக்கியால் எலியைப் பிடித்து, கூண்டில் இருந்த ஓண்டேயின் முன்னால் மெல்ல ஆட்டினாள். உருண்டைக்குள்ளிருந்து தலை வெளியே வந்தது. நாக்கு நீண்டது. மறுபடியும் நீண்டது. ஓண்டே அசையவில்லை. கானிஸுக்குக் கை வலித்தது; ஆனாலும் மாற்றிப் பிடிக்கவில்லை.

சட்! இடுக்கி அதிர்ந்தது. எலியைச் சுற்றி ஓண்டே சுருண்டிருந்தது.

அவள் துள்ளிக் குதிக்கவில்லை. விழுங்கி முடிக்கும்வரை சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தாள். இதுவும் ஒரு எலிதான் என்பது அவளுக்குத் தெரியும். எங்கேயோ, யார் கையிலோ அதுவும் உயிரோடு இருந்திருக்கும். அதை மறந்துவிட அவள் விரும்பவில்லை.

வெளியே பைக் சத்தம் கேட்டது.

"எங்க போன நீ? அங்க எல்லாரும் காத்துட்டு நிக்கறாங்க!" என்று டெடென் உள்ளே வந்தான். கூண்டைப் பார்த்தான். ஓண்டேயின் நடுவயிறு புடைத்திருந்தது. "தின்னுடுச்சா? செத்ததையா?"

"ம். ரெண்டு நாளைக்கு அதத் தூக்கக் கூடாது. அப்பாகிட்ட நீயே சொல்லிடு."

டெடென் தலையைச் சொறிந்தான். "சரி, சொல்றேன். உன் பாம்பு இருக்கட்டும். அந்த எலியக் குடு. என் பாம்புக்கு விட்டுக் காட்டறேன்."

அவன் கையை நீட்டினான். பெட்டிக்குள், கானிஸ் போட்டிருந்த அரிசி வடகத்தை எலி கொறிக்கும் சத்தம் கேட்டது.

"ஃப்ரீசர்ல இருக்கு அண்ணா. அதுல ஒண்ணு எடுத்துட்டுப் போ," என்றாள். "கேக் வாசம் அடிக்கும். அவ்ளோதான்."

"விளையாடாத கானிஸ். இதக் குடு."

கானிஸ் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்லண்ணா," என்றாள் மெதுவாக. "இத மட்டும் தரமாட்டேன்."