ஒன்பதாம் படுக்கையின் தட்டு

சமையலறையில் திராட்சை வாசனை அடித்தது. பையிலேயே இரண்டு நாள் மறந்து வைத்த பழத்தின் வாசனை. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு. அவள் பிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். குப்பை டப்பாவுக்குள் மூக்கை நுழைத்தும் பார்த்துவிட்டாள். அந்த வீட்டில் திராட்சை வாங்கி இரண்டு மாதம் இருக்கும். கொட்டை இருக்கிற பழம் மகளுக்குப் பிடிக்காது.

வேறு யாராவது என்றால் பக்கத்து வீட்டு வாசனை என்று விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவளால் முடியவில்லை. பதினாறு வருடமாக ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்ப்பதுதான் அவள் வேலை. நோயாளியின் புண்ணிலிருந்து பஞ்சில் தொட்டு எடுத்து வருவதைத் தட்டில் தேய்த்து, சூட்டுப் பெட்டிக்குள் வைத்து, மறுநாள் மூடியைத் திறந்தால் சில தட்டுகளிலிருந்து இதே வாசனைதான் வரும். பச்சை பூத்துக் கிடக்கும் தட்டுகள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் அதை வாசனை என்றே சொல்வார்கள். நோயாளியை நேரில் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் குனிந்தாள். ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. அது கீழே இறங்குவது தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. துளைக்கு அடியில் எங்கோ, யாரோ மெதுவாக விழுங்குவது போல. வாசனை அங்கிருந்துதான் வந்தது.

அவள் நிமிர்ந்தாள். முகமெல்லாம் சூடாகிவிட்டது. பயத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது வெட்கம்தான்.

லேபில் அவளுக்கு 'ஸ்கேல் அக்கா' என்று பெயர். தட்டில் கிருமியைத் தேய்த்து, அதன்மேல் மருந்தில் நனைத்த குட்டிக் காகித வில்லைகளை வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வட்டம் விழும். அந்த வட்டத்தை அளந்து எழுதினால்தான் மேலே வார்டில் எந்த ஊசி போடுவதென்று முடிவெடுப்பார்கள். மற்றவர்கள் கண்ணாலேயே மதிப்புப் போடுவார்கள். அவள் ஸ்கேல் வைக்காமல் ஒரு எண் எழுத மாட்டாள். "ஸ்கேல் அக்கா அளந்தா அளந்ததுதான்" என்று மேலே இருக்கிற டாக்டர்கள்கூடச் சொல்வார்கள். அதைக் கேட்டு வெளியே சலித்துக்கொள்வாள், உள்ளுக்குள் பூரித்துப்போவாள்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம், மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். ஆறு தட்டு பாக்கி. ஐந்தை அளந்துவிட்டாள். ஆறாவது, ஒன்பதாம் படுக்கைக்காரருடையது. கட்டடத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்ட தச்சர். அவருடைய தட்டைப் போன வாரம்தான் அளந்திருந்தாள். அதே ஆள், அதே புண், அதே கிருமி, வட்டமெல்லாம் நல்ல அகலம். ஒரு வாரத்தில் என்ன மாறிவிடப் போகிறது என்று, மூடியைக்கூடத் திறக்காமல், போன வாரத்து எண்களை அப்படியே பார்த்து எழுதிவிட்டு ஓடினாள்.

மறுநாள் காலையில் திறந்தாள். தட்டு முழுக்கப் பச்சை. ஆறு வில்லையும் அதில் மூழ்கிக் கிடந்தன. ஒரு வட்டம் இல்லை.

ஃபோன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வார்டைக் கூப்பிட்டு, நேற்று எழுதியது தப்பு, மருந்தை மாற்றுங்கள் என்று சொல்ல அரை நிமிடம் போதும். கையை நீட்டினாள். "ஸ்கேல் அக்காவா இப்படி?" என்று மறுமுனையில் கேட்கப்போவது அப்போதே காதில் விழுந்தது. கையை இழுத்துக்கொண்டாள். மத்தியானம் சொல்லலாம் என்று நினைத்தாள். மத்தியானம், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மூன்றாம் நாள் ஒன்பதாம் படுக்கைக்குப் புது விரிப்புப் போட்டிருந்தார்கள். தச்சரின் மனைவி அவருடைய செருப்பை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு லேப் வாசல் வழியாகத்தான் போனாள்.

தட்டையும் ஒளிக்க வேண்டியிருந்தது. பழைய தட்டுகளை வேகவைத்து அழிப்பதற்கு முன்னால், லேபின் பெரிய டாக்டரம்மா ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துப் பதிவேட்டோடு ஒப்பிடுவார். எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் அந்த அம்மாவின் கண்ணில் அது பட்டால் கதை முடிந்தது. அதனால் சாப்பாட்டுப் பையில் டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து, கெட்டில் நிறையக் கொதிக்கிற தண்ணீரைத் தட்டின்மேல் ஊற்றினாள். வெந்து குழைந்ததைக் கரண்டியால் சுரண்டிப் பாத்திரத் தொட்டியில் விட்டாள். கொதித்த தண்ணீரில் எந்தக் கிருமி பிழைக்கும்?

பிழைக்காதுதான். ஆனால் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு மேடம் பாடம் நடத்தும்போது அவளும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். "கிருமிங்க மருந்துலேருந்து தப்பிக்கிற சாவியைக் கைமாத்திக்கும்பா. ஒண்ணு கத்துக்கிட்டதைப் பக்கத்துல இருக்குறதுக்குக் குழாய் நீட்டிக் கொடுத்துடும். வேற இனமா இருந்தாலும் கொடுக்கும். சில சமயம் செத்துக்கிடக்குறதோட பையில இருந்துகூட, உசுரோட இருக்குறது எடுத்துக்கும்." பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

தொட்டிக்குக் கீழே குழாய் வளைவில், வழவழப்பான இருட்டில், எத்தனை காலமாக எத்தனை கிருமி குடியிருந்ததோ. அவற்றின் தலையில்தான் சாவிக்கொத்தைக் கொட்டியிருந்தாள்.

பத்து நாள் முன்பு தண்ணீர் அடைத்துக்கொண்டபோது அவளுடைய கணவர்தான் கம்பி விட்டுக் குத்தினார். தையல்காரர். வலது கட்டைவிரலில் கம்பி கீறிவிட்டது. "இதெல்லாம் ஒரு காயமா, ஊசி குத்தாத நாளா எனக்கு?" என்று துணி சுற்றிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் விரல் வீங்கியது. தெருமுனை டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வீட்ல யாராவது ஆஸ்பத்திரில வேலை பாக்குறாங்களா?"

"இவதான் சார். லேப்ல," என்றார் கணவர், வலியிலும் பெருமையாக. "ஸ்கேல் வச்சுத்தான் எதையும் எழுதுவா."

டாக்டர் அவளைப் பார்த்தார். "அங்கேருந்து எதுவும் வீட்டுக்கு வந்திருக்குமோம்மா?"

"இல்ல சார். கை கழுவாம நான் வெளிய வர்றதே இல்ல."

நாக்கு கூசியது. டாக்டர் வழக்கமான மாத்திரையை எழுதிக் கொடுத்தார். தச்சருக்கு எழுதிய அதே மருந்து. அது கேட்காது என்று அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். காசு கொடுத்து வாங்கி, வேளாவேளைக்கு அவளே தண்ணீரும் கொடுத்தாள். அந்த விரல் போனால் அவருக்குத் தொழில் இல்லை. சொன்னால் அவளுக்கு வேலை இல்லை, பெயர் இல்லை, அந்தச் செருப்புப் பைக்காரியின் முகத்தைப் பார்க்க முகமும் இல்லை. இரண்டையும் நிறுத்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவள்தான் தான் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

திராட்சை வாசனை வந்தது அதற்குப் பிறகுதான்.

சனிக்கிழமை யாருக்கும் தெரியாமல் நான்கு பஞ்சுக்குச்சிகளில் தொட்டு எடுத்தாள். தொட்டித் துளை. கணவரின் கட்டு. மகள் முகம் துடைக்கும் துண்டு. அவளுடைய உள்ளங்கை. லேபுக்குக் கொண்டுபோய்த் தட்டில் தேய்த்து, வில்லைகளை வைத்து, பெயர் எழுதாமல் புள்ளி மட்டும் வைத்துச் சூட்டுப் பெட்டியின் கடைசி அடுக்கில் தள்ளினாள்.

ஞாயிறு மாலை லேபில் ஆள் இல்லை. நீளமான அந்த அறையில் குழல்விளக்குகளில் ஒன்று மட்டும் விட்டுவிட்டு முனகிக்கொண்டிருந்தது. சூட்டுப் பெட்டி அதன் உடம்புச் சூட்டோடு மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. பினாயில் வாசனைக்கு அடியில் வெந்த சதை மாதிரியான கஞ்சி வாசனை எப்போதும்போலத் தேங்கி நின்றது. பெட்டியின் கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. திராட்சை.

முதல் புள்ளி. தொட்டி. முழுக்கப் பச்சை. வட்டம் இல்லை.

இரண்டாவது. கணவர். பச்சை. வட்டம் இல்லை.

மூன்றாவது. மகளின் துண்டு. பச்சை அங்கங்கே திட்டாக இருந்தது. மிச்சமெல்லாம் வெளுத்த நிறம். எல்லார் குடலிலும் சும்மா குடியிருக்கும் சாதாரணக் கிருமி. எந்த மருந்துக்கும் சுருண்டுவிடும் சாது. அதுவும் ஆறு வில்லைகளின் விளிம்புவரை ஏறி நின்றது. அதற்கும் சாவி கிடைத்துவிட்டது.

நான்காவது அவள் கை. ஸ்கேலை எடுத்தாள். பழக்கதோஷம். வைப்பதற்கு இடமில்லை.

"ஞாயித்துக்கிழமை என்ன வேலை உனக்கு?"

மேடம் வாசலில் நின்றார். கையில் மறந்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடிக் கூடு.

"சும்மா மேடம். பழைய தட்டு."

மேடம் அருகில் வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "யாரோடது இது? ஒரு வட்டம்கூட இல்லையே. ஒன்பதாம் படுக்கைக்காரர்கூட இப்படித்தான் போனார்னு வார்டுல சொன்னாங்க. எனக்குப் புரியவே இல்ல, நம்ம ரிப்போர்ட் நல்லாத்தானே இருந்துச்சு."

சொல்லிவிடலாம். இப்போது. இந்த அம்மா ஒரு ஃபோன் போட்டால் கணவரை இன்றே சேர்த்துக்கொள்வார்கள். பூட்டி வைத்திருக்கும் கடைசி மருந்து ஒன்று இருக்கிறது.

"வெளி லேப்லேருந்து அனுப்பினது மேடம். சரிபார்க்கச் சொல்லி."

"நீ அளந்தா சரியாத்தான் இருக்கும்," என்றார் மேடம். தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அந்தத் தட்டல் பஸ்ஸில் வழி முழுக்கத் தோளில் எரிந்தது. பாதி வழியில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. போதும். வீட்டுக்குப் போனதும் அவரிடம் சொல்வேன், பிறகு மேடத்துக்குச் சொல்வேன், தச்சர் வீட்டைத் தேடிப்போய் வாசலில் நிற்பேன். நினைக்க நினைக்க மூச்சு லேசானது.

வீட்டில் விளக்குப் போடவில்லை. கணவர் கட்டிலில் சாய்ந்து, கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. கட்டு ஈரமாக இருந்தது. அந்த இருட்டிலும் அதன் நிறம் தெரிந்தது.

"என்னங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. இப்ப வலிக்கவே இல்லம்மா. விரல் இருக்குறதே தெரியல." சிரிக்கப் பார்த்தார். "முதல்ல குட்டியைப் போய்ப் பாரு. ரொம்ப நேரமா கை கழுவிட்டே இருக்கா."

அவள் சமையலறைக்கு ஓடினாள்.

மகள் ஸ்டூல்மேல் ஏறி நின்றிருந்தாள். தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. இரண்டு கையும் முழங்கைவரை தண்ணீருக்குள். ஒரு முறை விழுங்கும் சத்தம். பிறகு அமைதி.

"கையை எடு."

"நீதானேம்மா சொன்ன, இருபது எண்ணுற வரைக்கும் தேய்க்கணும்னு?"

"எடுடி."

எடுத்தாள். சொட்டச் சொட்ட இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பத்து நகத்தின் ஓரத்திலும் நீலமும் பச்சையுமாக ஒரு கோடு.

"கலர் பென்சில் இல்லம்மா. நேத்துலேருந்து இருக்கு. கழுவக் கழுவப் போக மாட்டேங்குது." விரலை மூக்கில் வைத்து முகர்ந்தாள். "ஆனா வாசனை நல்லா இருக்கு. பழம் மாதிரி."

நகம் கடிக்கிற பிள்ளை அவள். எத்தனையோ முறை அடித்துப் பார்த்தாகிவிட்டது. எல்லா நகமும் சதைவரை கடித்துக் கிடந்தன.

உள் அறையிலிருந்து கணவரின் குரல். "என்னமோ சொல்லணும்னியே? என்ன?"

அவள் வாயைத் திறந்தாள். அம்மா ஏன் இப்படி முழிக்கிறாள் என்று மகள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ, தானும் அதே மாதிரி வாயை அகலத் திறந்து காட்டினாள்.

ஈறு முழுக்கப் பச்சை.