ஆசை வற்றிய எலிகள்

காலையில் பவளம் கூண்டறைக் கதவைத் திறந்தபோது ஒரு எலி முன்னங்கால் ஒன்றைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தது. தரையைக் கழுவித் துடைத்துவிட்டுத் திரும்பினாள். கால் இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. விரலால் தூக்கி வெளியே வைத்தாள். வைத்த இடத்திலேயே அதை வைத்துக்கொண்டு எலி அவளைப் பார்த்தது.

பிரிஞ்சாங் ஊருக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் மேட்டில், பழைய துரை விட்டுப்போன பங்களா அது. கோலாலம்பூரிலிருந்து வந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் அதை எலி ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தார். கொழுந்துக் கூடை சுமந்தே இடுப்பு விட்டுப்போன பவளத்தைக் கங்காணி அங்கே கூண்டு கழுவ அனுப்பிவைத்தார். சமையலுக்கு அவள் நாத்தனார் வேலாயி. லைன் வீட்டில் புருஷன் ஆண்டியப்பன், லோரியிலிருந்து விழுந்து படுத்த படுக்கை. விடியலில் அவனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு மலையேறினால், சாயங்காலம் இவள் இறங்கிப் போனால்தான் அவனுக்கு அடுத்த வாய்.

"இந்த எலி சீக்கா இருக்குங்களா ஐயா?"

"சீக்கு இல்ல பவளம். மூளையில டோபமைன்னு ஒண்ணு சுரக்கும். அது இருந்தாத்தான் எந்திரிச்சுப் போயி எடுக்கணும்னு தோணும். இதுங்களுக்கு ஊசியில ஒரு வைரஸ ஏத்தி அத அழிச்சிட்டேன். வாயில ஊட்டினா முழுங்கும், ருசிகூடத் தெரியும். எடுக்க மட்டும் தோணாது." அவர் எதிர்ச்சுவரைக் காட்டினார். "அதுங்களுக்கு வேற ஊசி. பெப்டைடுன்னு ஒரு மருந்து. அதுங்களுக்கு நிறுத்தத் தோணாது லா."

எதிர்ச்சுவர் எலிகள் ஓயவே இல்லை. முன்னங்கால்களால் முகத்தைத் தேய்த்தன, நக்கின, போட்ட மரக்கட்டையைத் தூளாகும்வரை கரகரவென்று கடித்தன. இந்தச் சுவரில் சத்தமே இல்லை. நடுவில் நின்று கழுவும்போது பவளத்துக்கு, இந்தப் பக்கத்து எலிகளைப் பார்த்துச் சில சமயம் பொறாமையாகக்கூட இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. மூடுபனி ஜன்னல் இடுக்கில் நுழைந்து, எலி மூத்திர நெடியோடும் ஈரப் பலகை வாசனையோடும் கலந்து, வராந்தாவிலேயே தங்கிவிட்டது. டாக்டர் முகம் மழிப்பதை விட்டார். மேசையில் அவருடைய தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது. மறுநாளும் அதே கோப்பை அங்கேயே இருந்தது. ராப்பகலாக வேலை பார்த்தால் மனுஷன் என்னதான் ஆவான் என்று நினைத்து அவள் அதைக் கழுவி வைத்தாள்.

அன்று மத்தியானம் தீய்ந்த வாடை வந்தது. அடுப்பங்கரையில் சோறு கரியாகிக்கொண்டிருக்க, வேலாயி எதிரே முக்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பவளம் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

"ஏய் வேலாயி! கண்ணு தெரியலையா?"

"தெரியுது அண்ணி."

"பின்ன எறக்குறதுக்கு என்ன?"

வேலாயி யோசித்தாள். "எறக்கலாம்," என்றாள் சாந்தமாக. கை மடியிலேயே கிடந்தது. பவளம் அதைத் தூக்கினாள். தூக்கிய இடத்திலேயே கை நின்றது.

பவளம் கத்திக்கொண்டே கூண்டறைக்கு ஓடினாள்.

டாக்டர் எதிர்ச்சுவர் ஓரம் நாற்காலியில் இருந்தார். வலது கை முழங்கைவரை ஒரு கூண்டுக்குள் இருந்தது. மற்றக் கூண்டுகளின் கதவுகளும் திறந்து கிடந்தன.

"ஐயா! வேலாயிக்கு என்னமோ ஆயிடுச்சு. எந்திரிங்கய்யா!"

அவர் கண்ணைத் திருப்பினார். தெளிவான கண். "தெரியும் பவளம்."

"வாங்க, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"போகலாம்," என்றார். போகவில்லை.

கீழே இறங்கிப் போய்த் தோட்டத்து ஆபீஸ் கிராணியைக் கூட்டி வரவேண்டும். ஓடி வந்ததில் இடுப்பு வெட்டி இழுத்தது. மூச்சு வாங்கிக்கொண்டு போகலாம் என்று கூண்டு கழுவும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம்தான். எத்தனையோ வருஷம் கழித்து உடம்பு தன் பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

கரகர சத்தம் மட்டும் கேட்டது.

உட்கார்ந்த இடத்திலிருந்து கூண்டின் உள்பக்கம் தெரிந்தது. டாக்டரின் கை தெரிந்தது. அதன்மேல் எலிகள். விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக என்னவோ.

அலறவேண்டும் என்று தெரிந்தது. வாய் இருந்தது. குரலும் இருந்தது.

அலறலாம்.

ஜன்னலுக்கு வெளியே பனி கறுத்தது. ஆண்டியப்பன் வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். பசிக்கும். அந்த நினைப்பு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சங்கதி போல வந்து, போய்விட்டது.

தரையில் சின்னச் சின்னக் கால்கள். சேலையில் ஒரு பாரம். மடியில் ஈரமான மூக்கு.

சுண்டுவிரலை நக்கியது. பொறுமையாக, சுத்தமாக. பிறகு நகத்தின் ஓரத்தில் பல் வைத்தது.

வலித்தது. நன்றாகவே வலித்தது.

கையை எடுக்கலாம்.

எதிரே டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் டாக்டரைப் பார்த்தாள். இருவர் கன்னத்திலும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்க ஒரு கையும் எழவில்லை.